கனவு வராத நாட்கள்

மே 27, ஞாயிறு

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும் ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் ரெஜினா மேடம் இந்த டைரியைக் கொடுத்தார். படுக்கும் முன் நான் போடும் மாத்திரை சிலருக்குக் கனவை அள்ளிக் கொட்டுமாம். தொந்தரவாக இருந்தால் காலையில் எழுதிவிடுங்கள், பாரம் இறங்கும் என்றார். தொந்தரவு என்று நான் சொல்லவில்லை. நிறைய வருகிறது என்றுதான் சொன்னேன். கோவில்பட்டி ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் காகிதத்தை நகல் எடுத்துக்கொண்டு நின்றவள் நான். கனவு ஒன்றுதான் என் சொந்தச் சரக்கு.

இன்றைய கனவு: மலை எழுந்து நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றது. செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "உப்புக் கரிக்கு" என்றது. எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படித்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மற்றபடி: இரண்டு வாரத்துக்கு முன் இலஞ்சிக் கோயிலில் எனக்கும் கோமதிநாயகம் என்பவருக்கும் கல்யாணம் நடந்தது. இருவருக்கும் இரண்டாவது. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அவருக்கும் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கான சங்கத்துக் கூட்டத்தில் பார்த்துப் பேசி முடித்தார்கள். அவருடைய மகள் உலகம்மாளுக்கும் இருக்கிறது, பிறக்கும்போதே. அவளைப் பெற்ற புஷ்பம் இறந்து மூன்று வருஷம். உலகுக்குப் பத்து வயது. பார்த்தால் ஏழு சொல்லலாம்.

இது ஒரு ஏற்பாடு. ஒரே நோய்க்காரர்கள் ஒரே வீட்டில் இருந்தால் மாத்திரையை ஒளிக்க வேண்டாம், அவ்வளவுதான். அவர் என்னை "நீங்க" என்கிறார். நானும் அப்படியே.

ஜூன் 2, சனி

இங்கே, மலையடிவாரத்து அவர் ஊரில், எல்லாம் ஈரம். தீப்பெட்டி உரசுவதில்லை. உளுந்து மாவு இரண்டு மடங்கு பொங்குகிறது. கொல்லைச் சுவரில் பாசி ஏறி, கை வைத்தால் பூனை முதுகு மாதிரி இருக்கிறது.

உலகு என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சோறு" என்றால் சோறு போட வேண்டும். "ஜடை" என்றால் பின்னிவிட வேண்டும். அதுவும் சுவரைப் பார்த்துச் சொல்வாள். எனக்கென்ன, வேலை நடந்தால் சரி.

அவளுக்கு மாத்திரை கொடுப்பது அவர்தான். "நெஞ்சுச் சளிக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார். வாயில் போட்டதும் கொல்லைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வருகிறாள். சுத்தமான பிள்ளை.

ஜூன் 5

சாரல் தொடங்கிவிட்டது. மழை இல்லை இது. யாரோ மலைமேல் உட்கார்ந்து ஈரத் துண்டை உதறுகிறார்கள்.

ஜூன் 8, வெள்ளி

கனவு: அவருடைய குழாய் ஒலிபெருக்கிகள் தென்னை மரத்தில் பூத்திருந்தன. ஊமத்தம்பூ மாதிரி, ஆனால் வெள்ளி நிறம். காற்று வரும்போது ஒவ்வொரு பூவும் ஒரு பெயரைச் சொன்னது. என் பெயர் வரட்டும் என்று நின்றேன். கரண்ட் போய்விட்டது.

அவர் மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க மாட்டார். கனவைச் சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார். "அம்புட்டு உசரத்துல கட்டுனா ஒயர் பத்தாதுங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று உலகு கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடப் பையோடு வந்து, "பொறவு?" என்றாள்.

"பொறவு என்ன, கரண்ட் போயிட்டு."

"நாளைக்கு வருமா?"

"கரண்டா?"

"கனவு."

ஜூன் 14, வியாழன்

மூன்று பேரும் மையத்துக்குப் போனோம். உலகு பள்ளிக்கூடத்துக்குப் பல்வலி என்று சொல்லி லீவு. போன மாதம் வயிற்றுவலி. இவளுக்கு இல்லாத நோயெல்லாம் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். இருக்கிற நோய் இவளுக்கே தெரியாது.

பெஞ்சு முழுக்கப் பெரிய ஆட்கள், இருமல், பினாயில் வாடை. நடுவில் இவள் மட்டும் பாவாடை சட்டையில். சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். நல்ல பழக்கம்.

டாக்டர் உலகின் ரிசல்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார். ரத்தத்தில் கிருமியின் அளவு ஏறிக் கிடக்கிறதாம். ஒன்று, மருந்து வேலை செய்யவில்லை. அல்லது, உள்ளே போகவில்லை. "என் கண்ணு முன்னாலதான் சார் வாயில போடுதா" என்றார் அவர்.

ரெஜினா மேடம் உலகை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் பேசினார். "பத்து வயசாச்சு கோமதிநாயகம். இன்னும் சளி மாத்திரைன்னு சொல்லிட்டிருந்தா எப்படி? எதுக்குன்னு தெரியாம எந்தப் பிள்ளை தெனமும் மாத்திரை போடும்? நானும் கூட இருக்கேன், சொல்லிரலாம்."

"சின்னப் புள்ள மேடம். வெளிய போயி யார்ட்டயாவது சொல்லிட்டான்னா?"

"நீங்க சொல்லாம அவளாத் தெரிஞ்சுக்கிட்டா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். ரெஜினா மேடம் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

பஸ்ஸில் உலகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கை மரத்துப் போனது. இறங்கும் வரை அசையவில்லை. கூட்டம், நகர இடமில்லை.

ஜூன் 22, வெள்ளி

ஜடை பின்னும்போது கனவு சொல்வது வழக்கமாகிவிட்டது. இவள் தலையில் முடியும் கொஞ்சம்தான், கனவை இழுத்து இழுத்துச் சொன்னாலும் ஜடை முடிந்துவிடுகிறது. இப்போதெல்லாம் ஒருதரம் பின்னி அவிழ்த்து மறுபடி பின்னுகிறேன். கோணலாக வருகிறது, அதனால்தான்.

இன்று: அருவி கீழிருந்து மேலே ஏறிப் போனது. அதில் மீன்கள் மட்டும் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கடைசி மீன் செருப்பைத் தேடியது.

உலகு சிரித்து, தலையை ஆட்டி, பின்னல் கலைந்து, "சித்தி, இழுக்காதீங்க" என்றாள்.

சித்தி என்றுதானே கூப்பிட வேண்டும். முறை அதுதான்.

மத்தியானம் பாயசம் வைத்தேன். சேமியா மிச்சம் கிடந்தது.

ஜூன் 28, வியாழன்

கனவு: கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நீள முடி. வார வார முடியிலிருந்து சாரல் விழுந்தது. புஷ்பம் என்று தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. திரும்பாமலே கையை நீட்டி, "வா" என்றாள். பயமாகவே இல்லை. ஈரக் கை, மஞ்சள் வாசம்.

உலகிடம் சொன்னேன். அவள் அம்மா அழகாக இருந்தாள் என்று சொல்லத்தான் சொன்னேன்.

"கூப்பிட்டாங்களா?"

"ஆமா. வான்னாங்க."

"நீங்க போனீங்களா?"

"அதுக்குள்ள முழிப்பு வந்துட்டு."

அதற்குப் பிறகு இட்லியைத் தொடவில்லை. ஜடை பின்ன உட்காரவும் இல்லை. அவள் அம்மாவை என் கனவுக்குள் இழுத்தது பிடிக்கவில்லை போல. நான் யார் அதைச் சொல்ல? இனி கவனமாக இருக்க வேண்டும்.

ஜூலை 2, திங்கள்

கோபமெல்லாம் இல்லை. நேற்று முதல் எனக்கு மாத்திரை எடுத்துத் தருகிற வேலையை உலகு தானே ஏற்றுக்கொண்டாள். சாப்பாடு முடிந்து நான் அடுக்களை துடைக்கும்போது ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மாத்திரை. "நான் எடுத்துத் தாரேன், நீங்க அலமாரிக்குப் போகாதீங்க" என்கிறாள். நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

எனக்கு இதுவரை யாரும் மாத்திரை எடுத்துத் தந்ததில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூலை 10

கனவே இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். சாரல் இரைச்சல் தாலாட்டுகிறது போல.

ஜூலை 15, ஞாயிறு

காலையில் எழுந்தால் உள்ளே வெள்ளைச் சுவர். என்ன துழாவினாலும் ஒன்றுமில்லை. தூக்கம் நிம்மதிதான். ஆனால் உலகு வந்து, "இன்னைக்கு?" என்று கேட்டபோது கையில் ஒன்றுமில்லாமல் விருந்து வீட்டுக்குப் போனவள் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றைக் கட்டிச் சொன்னேன். வானத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டு, மேகங்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கின்றன, தென்காசி மேகத்துக்கு மட்டும் சில்லறை இல்லை.

அவள் சிரிக்கவில்லை. "இன்னுமா வருது?" என்றாள். முகம் சுருங்கிவிட்டது.

நன்றாகக் கட்டவில்லை போலிருக்கிறது. நாளை இன்னும் அழகாகச் சொல்ல வேண்டும்.

ஜூலை 24

கனவு இல்லை. யானை தறி நெய்வதாக ஒன்றைக் கட்டிச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, வியாழன்

எனக்குக் காய்ச்சல், உடம்பு வலி. சாரலில் நனைந்தது. உலகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளையாடப் போகாமல் என் பக்கத்திலேயே இருந்தாள். கண்ணை மூடிக் கிடந்தபோது மூக்குக்குக் கீழே ஏதோ கூச்சம். திறந்தால் அவள் விரல்.

"என்னளா பண்ணுத?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வருதான்னு பாத்தேன்."

அவர் கடையில் கஞ்சி வாங்கி வந்தார். நான் வைக்கிற கஞ்சியே மேல்.

ஆகஸ்ட் 9, வியாழன்

இன்று மையத்துக்கு நான் மட்டும் போனேன். ரெஜினா மேடம் சிரித்துக்கொண்டே, "என்ன வடிவு, கனவெல்லாம் எப்படி இருக்கு? டைரி பத்துதா?" என்றார்.

"நின்னு போச்சு மேடம். ஒரு மாசமா வரவே இல்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நாலு வருஷமா தெனமும் வந்தது சட்டுனு நிக்குதா? சிலருக்கு அதுவாக் கொறையும். ஒரேயடியா நிக்கறது... மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஒரு நாள் விடல. பிள்ள கையால எடுத்துக் குடுக்குறா."

"எந்த டப்பாவுல இருந்து எடுக்குறா?"

அதை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு டப்பாவையும் பார்த்தேன். கனவு வரவைக்கும் மாத்திரை இருக்க வேண்டிய அளவு இருந்தது. எலும்புக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரை தீரப் போகிறது. அதை நான் எப்போதாவதுதான் போடுவேன். இரண்டுமே வெள்ளை, நீளம், பருமனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விளக்கு வைத்துச் சாப்பாடு முடிந்ததும் உலகு வந்தாள். ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மாத்திரை. விழுங்காமல் கடித்தேன். சுண்ணாம்பு. வாய் முழுக்க மாவு. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

அவர் எழுந்து வந்து, "என்ன?" என்றார். நான் டப்பாக்களைக் காட்டினேன்.

ஒன்றரை மாதமாக என் நோய்க்கு நான் மருந்து சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

உலகு என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறாள்.

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் இறங்கும் என்றார்கள், இறங்கவில்லை.

நேற்று அவர் கையை ஓங்கினார். நான் குறுக்கே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அடி என் தோளில் விழுந்தது. அவர் கையைப் பார்த்துக்கொண்டே வெளியே போய் மைக் செட் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். உலகு அழவில்லை. சுவரோரம் பாயைச் சுருட்டி அதற்குள் படுத்துக்கொண்டாள். இன்று பள்ளிக்கூடம் போகவில்லை, சாப்பிடவில்லை.

கோவில்பட்டிக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். துணி எடுத்து வைத்தேன். ஈரம் காயாததால் கொடியில் மீண்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 11, சனி

காலையில் உலகு கொல்லையில் அந்தத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். சாரல் அவள் தலையில் ரவை மாதிரி ஒட்டியிருந்தது. துண்டை எடுத்துப் போய்த் துவட்டினேன். ஜடை பின்னத் தொடங்கினேன். கை பழகிவிட்டது. முகம் பார்க்காமல் பேச ஜடைதான் வசதி.

"என் மேல உனக்கு ஏதும் கோவமா உலகு?"

"இல்ல."

"பொறவு ஏன் மாத்திரைய மாத்துன?"

பாதி ஜடை பின்னியாயிற்று. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்கம்மாவும் அந்த மாத்திரைதான் போட்டாங்க. போட்டதும் கனவு கனவாச் சொன்னாங்க. செத்துப்போன மாமா வந்து கூப்பிடுதாருன்னாங்க. கொஞ்ச நாள்ல செத்துட்டாங்க."

என் கை நின்றுவிட்டது.

"நீங்களும் கனவாச் சொன்னீங்க. அம்மா வந்து வான்னு கூப்பிட்டாங்கன்னு சொன்னீங்க. அதான் அதத் தூரப்போட்டுட்டு எலும்பு மாத்திரையக் குடுத்தேன். அது சத்து மாத்திரைன்னு சொன்னாங்கள்லா. தெனமும் அதுல ஒண்ணத் தூரப்போட்டு, இதுல ஒண்ணு..." சொல்ல முடியாமல் விக்கினாள். "ஆனா கனவு நிக்கவே இல்லையே சித்தி. மாத்திரைய நிறுத்தியும் தெனமும் கனவு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. காய்ச்சல் வேற வந்துட்டு. என்ன செய்யன்னே தெரியல."

நான் அவளைத் திருப்பினேன்.

"உலகு, அதெல்லாம் பொய். கனவு எப்பவோ நின்னு போச்சு. நீ ஆசையாக் கேப்பியேன்னு நானாக் கட்டிச் சொன்னேன்."

"பஸ் ஸ்டாண்டு?"

"பொய்."

"யானை?"

"அதுவும்."

என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் என் தோளில் குத்தினாள். அவர் அடித்த அதே இடம். குத்திக்கொண்டே அழுதாள். நானும் அழுதிருப்பேன், சாரலில் தெரியவில்லை.

அவளுடைய மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். கொல்லைச் சாக்கடையைக் காட்டினாள். அப்பா கொல்லை வரை வந்து நின்று பார்க்கும் நாட்களில் மட்டும் விழுங்குவாளாம்.

அவரைக் கேட்காமல் நான் சொல்லக் கூடாதுதான். சொன்னேன். "நம்ம மூணு பேரு ரத்தத்துலயும் ஒரு கிருமி இருக்கு."

"எச்.ஐ.வி.யா?"

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரிச் செவுத்துல எழுதிருக்கு. சளிக்கு அங்க போவாங்களா?"

அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தேன். உடம்புக்குக் காவல்காரர்கள் உண்டு. இந்தக் கிருமி காவல்காரர்களையே பிடித்துத் தின்னும். மாத்திரை கிருமியைக் கட்டிப் போடும். ஒரு நாள் விட்டாலும் கட்டு நெகிழும். தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, நீ எந்தத் தப்பும் செய்து இது வரவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"அப்ப அந்த மாத்திரை போட்டும் எங்கம்மா ஏன் செத்தாங்க?"

"அத உங்கப்பாதான் சொல்லணும்."

ஆகஸ்ட் 12, ஞாயிறு

கொட்டகையில் அவர் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்றைய கேள்வியைக் கேட்கச் சொல்லி உலகை உள்ளே அனுப்பிவிட்டு நான் வாசலில் நின்றேன். அவர் தலை நிமிராமல் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரே குழாயை. பிறகு சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"உங்கம்மா மாத்திரைய நிறுத்திட்டா, உலகு. ஊருக்குத் தெரிஞ்சிரும்னு பயம். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வப்பா. யாராவது வீட்டுக்கு வந்திருந்தா அன்னைக்குப் போடமாட்டா. பொறவு போடவே இல்ல. நானும் போடுன்னு சொல்லல, எனக்கும் அதே பயம். மெலிஞ்சு, காசநோய் வந்து, டாக்டர் திரும்பத் தொடங்கும்போது நேரம் போயிட்டு. அந்தக் கடைசி மாசம் போட்டதத்தான் நீ பாத்த. மாத்திரையால சாகல. மாத்திரை இல்லாமச் செத்தா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னால வந்ததுல்லா எல்லாம். எப்படிச் சொல்ல?"

உலகு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து அடுத்த குழாயைத் துடைத்தாள். கொட்டகை இருட்டில் அந்தக் குழாய்களின் வாயெல்லாம் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. பேசி முடித்த ஊர் மாதிரி.

வெளியே வந்து என் தோளைப் பார்த்து, "நீ எண்ணெய் தேச்சியா?" என்றார்.

நீ. வாய் தவறியிருக்கும்.

ஆகஸ்ட் 16, வியாழன்

கொடியில் துணி காய்ந்துவிட்டது. மடித்து அலமாரியில் வைத்தேன்.

மூவரும் மையத்துக்குப் போனோம். டாக்டர் எனக்கு ரத்தம் எடுத்தார். விட்டுவிட்டதால் பழைய மருந்து இனி வேலை செய்யுமா என்று சந்தேகம், வேறு மருந்துக்கு மாற்றலாம் என்றார். உலகுக்கும் வேறு. ஒழுங்காகப் போட்டுவந்து சில மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். பார்த்து என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

ரெஜினா மேடம் உலகைத் திட்டவில்லை. எதிரே உட்கார வைத்து, "உனக்கு என்னென்ன தெரியணும்? கேளு" என்றார். உலகு கேட்டாள். நான் செத்துருவேனா? பள்ளிக்கூடத்துல சொல்லணுமா? பல் துலக்குற பிரஷ்ஷ தனியா வைக்கணுமா? பெரியவளானா கல்யாணம் பண்ணலாமா, பிள்ள பெத்துக்கலாமா, அதுக்கும் வருமா? மருந்தை ஒழுங்காப் போட்டா, டாக்டர் சொல்றபடி கேட்டா, நோய் இல்லாத பிள்ளையாவே பெத்துக்கலாம் என்றார் மேடம். உலகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கேள்வி அவளுடையது. ஆனாலும் பதில் எனக்குள்ளும் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு மேடம் என்னிடம் சொன்னார். "பெரியவங்களுக்கு நடுவுல பிள்ளைங்களை உட்கார வச்சு, பொய் சொல்லி லீவு எடுக்க வச்சு... இது சரியில்ல வடிவு. சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு மட்டும்னு வைக்கலாம்னு கேட்டிருக்கேன். பின்னால ஒரு ரூம் சும்மா கிடக்கு. நீங்க வர்றீங்களா?"

"எனக்கு ஜெராக்ஸ் எடுக்கத்தான் தெரியும் மேடம்."

"கனவு கட்டத் தெரியுமாமே. உலகு சொன்னா."

செப்டம்பர் 6

புது மாத்திரையில் கனவு இல்லை. இனி வராது. உலகுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

சாரல் நின்றுவிட்டது. மலை ஒரேயடியாகத் தெளிந்து, கிட்டே வந்து நிற்கிறது.

செப்டம்பர் 19

சாப்பாடு முடிந்ததும் மூவரும் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து மாத்திரை போடுகிறோம். நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும் என்று உலகின் சட்டம். அவளும் காட்டுவாள். அவர் நாக்கை நீட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்து புரையேறியது.

அவளுடைய மாத்திரை கசப்பு. விழுங்கியதும் ஒரு விரல் தேன் கேட்பாள். இன்று தேன் தீர்ந்துவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். பாட்டில் வாங்க வேண்டும்.

அக்டோபர் 13, சனி

பின்னால் இருந்த அறையைக் கழுவிப் பாய் விரித்தோம். பழைய ஃபைல்களின் வாடை போகச் சாம்பிராணி போட்டேன். அவர் ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். முதலில் எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை நாள் இந்த உலகத்தில் தான் ஒருத்தர் மட்டும்தான் என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்திருக்கும்.

நான் ஒரு கனவைக் கட்டினேன். கடலுக்குள் ஒரு மாடிவீடு, படிக்கட்டில் தண்ணீர் ஏறாமல் நின்று கதவைத் தட்டுகிறது. தண்ணீர் உள்ளே வந்ததா என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். தண்ணீரின் கையில் ஒரு குடை இருந்தது என்றது ஒன்று. அது பக்கத்து வீட்டுத் தண்ணீர், சர்க்கரை கடன் கேட்க வந்தது என்றது இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க அலை.

சித்தப்பாவோடு வந்திருந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி மாத்திரையை வாயில் வாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உலகு அவள் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் போடமாட்டேங்குத?"

"போட்டா செத்துருவோம்."

உலகு யோசித்தாள்.

"செத்துருவோம்தான்" என்றாள். "ஆனா கெழவி ஆன பொறவு."

அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. ரெஜினா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விட்டார்.

நவம்பர் 22

ரிசல்ட்டுக்கு ரத்தம் கொடுத்தாகிவிட்டது. அவர் இரண்டு நாளாகப் பழுதாகாத ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் மூன்று தடவை சாம்பாரில் உப்புப் போட்டேன்.

டிசம்பர் 20, வியாழன்

ரெஜினா மேடம் போன் செய்தார். உலகுக்கு, கண்டறிய முடியாத அளவு. எனக்கும். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

உலகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னேன்.

"கிருமி போயிட்டா?"

"இல்ல. இருக்கு. மிசினு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொஞ்சம்."

"அப்ப போடணுமா?"

"போடணும். தெனமும்."

"சரி" என்று சொல்லிவிட்டு நொண்டி விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான். நானும் அவரும்தான் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் கொட்டகைக்குப் போய், யாரும் கேட்காமல், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டார். தெருவில் என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, செட்டு சோதிக்காவ" என்றேன்.

ஜனவரி 12, சனி

மையத்திலிருந்து நேராகத் தென்காசி போனோம், பொங்கலுக்குத் துணி எடுக்க. தெருவெல்லாம் கரும்பும் மஞ்சள் குலையும். கூட்டத்தில் உலகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரப் பெண் உலகை ஒரு பார்வை பார்த்து, "ஏழு வயசு சைஸ் எடுக்கட்டுமாக்கா?" என்றாள்.

"பதினொண்ணு நடக்கு" என்றேன்.

அந்தப் பெண் நம்பாமல் பத்து வயதுப் பாவாடை ஒன்றை எடுத்து வந்தாள். நீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு. உடுத்தியிருந்ததன் மேலேயே கட்டிப் பார்த்தோம். கணுக்கால் வரை வந்தது. கொஞ்சம் தாராளம். அவருக்குப் பிடித்துவிட்டது. "இது போதும், அளவா இருக்கு, எடுத்துக்கோ" என்றார்.

உலகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு பாவாடையை அவிழ்த்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இது வேண்டாம்க்கா. இன்னும் பெருசா எடுங்க. நான் வளருவேன்."

இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தோம். வீட்டில் கட்டிப் பார்த்தாள், தரையில் புரண்டது. நான் ஊசி நூல் எடுத்து உட்கார்ந்து கீழே அகலமாக மடித்துத் தைத்தேன். நெருக்கித் தைக்கவில்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட வேண்டியிருக்கும்.